பிக் டாடியும் பெயரில்லாத பட்டனும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம். வழக்கமான ஆணி என்றால் நாலு வரி புலம்பிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்தத் தடவை பிடுங்கின ஆணிக்குப் பின்னாடி ஒரு மனுசர் நின்றுகொண்டிருந்தார். 1987-லேயே செத்துப்போன மனுசர். அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் விடாமல் படித்து, வீட்டில் திட்டு வாங்கின கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியைப் போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்கள் கிளையண்ட் ஒருவருக்குக் கலிஃபோர்னியாவில் கடைகள் உண்டு. அவர்களுடைய இணையக் கடையில் கடைசியாகப் பணம் கட்டுகிற பக்கத்தைக் கட்டினது எங்க டீம். அந்தப் பக்கத்தில் நாலு பட்டன். கூடைப் படம், குப்பைத்தொட்டிப் படம், அட்டைப் படம், அம்புக்குறிப் படம். எழுத்தே கிடையாது, டிசைன் 'க்ளீனா' இருக்கணுமாம். "இந்த பட்டன்களுக்கு லேபிள் இல்லை, ஸ்கிரீன் ரீடர் படிக்காது" என்று எங்க டெஸ்டர் பொண்ணு அப்பவே ஒரு டிக்கெட் போட்டாள். அதை மூணு தடவை அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளிவிட்ட புண்ணியவான் அடியேன்தான். "படம் இருக்கே, பார்த்தாலே தெரியுமே" என்று கமெண்ட் வேறு எழுதி வைத்தேன். 'பார்த்தாலே'. இப்ப அந்தக் கமெண்ட்டைப் படித்தால் காது சுடுது.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கிளையண்ட்டுக்கு வந்து, அவர்கள் மூலமா எங்களுக்கு. அதில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு வார்த்தை: அன்ரூ. ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். மறுநாள் கான்ஃபரன்ஸ் காலில் ஒரு கன்சல்டண்ட் வந்தார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்கள் பக்கத்தைத் திறந்து, அவருடைய ஸ்கிரீன் ரீடர் பேசுவதை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தார். அது சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான். இதில் எதை அமுக்கினால் பணம் போகும், எதை அமுக்கினால் கூடை காலியாகும் என்று அவர் கேட்டார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். லைனில் பதினோரு பேர் இருந்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அன்னிக்கு ராத்திரிதான் 'யார்றா இந்த அன்ரூ' என்று தேட ஆரம்பித்தேன்.

வாரத்துக்கு உழுதவர் மகன்

ஜெஸ்ஸி அன்ரூ. 1922 செப்டம்பர் 30 அன்று கான்சாஸ் மாநிலம் நியூட்டனில் பிறந்தவர். ஜெர்மன் மொழியில் அந்தக் குடும்பப் பெயருக்கு 'அமைதியின்மை' என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான். வளர்ந்ததெல்லாம் டெக்சாஸில் ஒரு வறண்ட பக்கம். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். 1930-களின் பஞ்சக் காலத்தில் அப்படிப்பட்ட வீடு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்து, அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுகளில் பனியிலும் மழையிலும் காலம் தள்ளினார். போர் முடிந்ததும், திரும்பி வந்த சிப்பாய்களுக்கு அரசாங்கமே படிப்புச் செலவு கொடுக்கிற திட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1948-ல் பட்டம் வாங்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கேயே போர் முடிந்து வந்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மாணவர் அரசியலில் இறங்கிவிட்டார். அப்புறம் மாநிலச் சட்டசபைக்கு நின்று தோற்று, திரும்ப நின்று, 1954-ல் ஜெயித்தார். கையில் காசு இல்லை, குடும்பப் பின்னணி இல்லை, ஆளும் பார்க்க ஒரு பீப்பாய் மாதிரி.

மடியில் உட்கார்ந்த பொம்மை

அவர் நுழைந்த சட்டசபை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மீதிக்கதை புரியும். அதுக்கு ஆர்ட்டி சாமிஷ் என்று ஒருத்தரைப் பற்றிச் சொல்லணும். சாராயக் கம்பெனிகள், பஸ் கம்பெனிகள், குதிரைப் பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் சாக்ரமெண்டோவில் காரியம் முடித்துக் கொடுத்த தரகர். 1949-ல் காலியர்ஸ் பத்திரிகை இவரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதுக்கு அண்ணாத்தே கொடுத்த போஸ் இருக்கே! ஒரு பேசும் பொம்மையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, 'இதுதான் சட்டசபை' என்று போட்டோ எடுத்துக்கொண்டார். "நான்தான் சட்டசபைக்கு கவர்னர், மாநிலத்துக்குக் கவர்னர் நாசமாப் போகட்டும்" என்று பேட்டியும் கொடுத்தார். (அமெரிக்காவில் கவர்னர் என்றால் நம்ம ஊர் முதல்வர் மாதிரி. மாநிலத்தையே ஆளுகிறவர்.) வாய்க்கொழுப்பு சும்மா விடுமா? 1953-ல் வருமானவரி ஏய்ப்பில் மாட்டி, அப்புறம் உள்ளே போனார்.

சாமிஷ் போனார். ஆனால் சாமிஷ் மாதிரி ஆள் உருவாகக் காரணமான அமைப்பு அப்படியேதான் இருந்தது. உறுப்பினருக்குச் சம்பளம் மாசம் 500 டாலர். முழுமையான கூட்டத்தொடர் ரெண்டு வருசத்துக்கு ஒருமுறைதான், நடுவில் பட்ஜெட்டுக்கு என்று ஒரு சின்னத் தொடர். சொந்தமாக ஆராய்ச்சி செய்து சொல்ல ஆள் கிடையாது. அப்போ மசோதாவில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? தரகர்தான். சாப்பாடு யார் போடுவது? அவரேதான். தேர்தல் செலவு? அதுவும் அவரே. போதாக்குறைக்கு, ஒரே வேட்பாளர் ரெண்டு கட்சியின் உள்தேர்தலிலும் நிற்கலாம் என்று ஒரு விதி வேறு. ரெண்டிலும் ஜெயித்துவிட்டால் தேர்தல் அங்கேயே முடிந்த மாதிரிதான். கட்சி என்ற ஒன்றுக்கு அர்த்தமே இல்லை. அந்த விதியை 1959-ல்தான் தூக்கினார்கள்.

அன்ரூ இதைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டார். பணம் வரத்தான் போகிறது. அது தரகர் கையிலிருந்து நேராக உறுப்பினருக்குப் போனால் உறுப்பினர் தரகருக்கு அடிமை. அதே பணம் என் கை வழியாகப் போனால்? ஹோவர்ட் அஹ்மன்சன் போன்ற பெரிய நிதிநிறுவன முதலாளிகளிடமிருந்து பணத்தை மொத்தமாக வாங்கி, ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்குத் தானே பிரித்துக் கொடுத்தார். ஜெயித்து வந்தவர்கள் யாருக்கு விசுவாசமாக இருப்பார்கள் என்று சொல்லணுமா?

'அரசியலுக்குத் தாய்ப்பால் பணம்தான்' என்ற புகழ்பெற்ற வாசகம் இவருடையதுதான். இன்னொன்றும் உண்டு. தரகர்களைப் பற்றி இவர் சொன்னதாகச் சொல்வார்கள்: அவங்க சோத்தைத் தின்னு, அவங்க சரக்கைக் குடிச்சிட்டு, அப்புறமும் அவங்களுக்கு எதிரா ஓட்டுப் போடத் தெரியலைன்னா உனக்கு இங்கே வேலையில்லை. நடுவில் பெண்களைப் பற்றியும் ஒரு துண்டு வரும், அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆள் அப்படித்தான். பூசி மெழுகுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

1959

இனிமேதான் நம்ம மேட்டர். 1958 தேர்தலில் ஜனநாயகக் கட்சி பெரிசாக ஜெயித்தது. பேட் பிரவுன் கவர்னர். அன்ரூ சட்டசபையில் நிதிக் குழுத் தலைவர். எந்தச் செலவும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகணும்.

கலிஃபோர்னியாவில் பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று 1897-லிருந்தே ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அதை எழுதினவங்க நம்மைப் போலவே பட்டியலை ஹார்ட்கோட் பண்ணிவிட்டார்கள். விடுதி, சாப்பாட்டுக்கடை, முடிதிருத்தும் கடை, குளியலறை, தியேட்டர், ஸ்கேட்டிங் மைதானம் என்று ஒரு லிஸ்ட், கடைசியில் 'மற்றப் பொது இடங்கள்' என்று ஒரு வால். நீதிமன்றங்கள் அந்த வாலை நறுக்கிக்கொண்டே வந்தன. 1955-ல் ஒரு வழக்கு: கறுப்பினத்தவரைப் புதைக்க ஒரு கல்லறைத் தோட்டம் மறுத்தது. கல்லறை இந்தச் சட்டத்தில் வராது என்று தீர்ப்பு. செத்த பிறகும் விடவில்லை! 1957-ல் ஒரு பல் டாக்டர்: கிளினிக் பொது இடம் இல்லை என்று தீர்ப்பு. ஒரு தனியார் பள்ளிக்கூடம் கறுப்பினக் குழந்தையைச் சேர்க்க மறுத்தது: அதுவும் வராது.

அன்ரூ கொண்டுவந்த சட்டம் லிஸ்ட்டையே தூக்கிவிட்டது. கலிஃபோர்னியாவில் இருக்கிற எல்லோரும் சமம், இனம், நிறம், மதம், பூர்வீகம், பிறந்த தேசம் எதுவானாலும் *எந்த வகையான வணிக நிறுவனத்திலும்* முழுமையான, சமமான சேவைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மீறினால் நஷ்டஈடு. அவ்வளவுதான், சின்னச் சட்டம். நம்ம பாஷையில் சொன்னால், ஆறு பெயர் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக்குறியைப் போட்டுவிட்டார். எதிர்காலத்தில் எந்தக் கடை வந்தாலும் அதில் மாட்டும்.

அமெரிக்கா முழுமைக்குமான சிவில் உரிமைச் சட்டம் வருவதற்கு அஞ்சு வருசம் முன்னால் நடந்தது இது. 1964-ல் வந்த அந்தச் சட்டம்கூட, பொது இடங்களைப் பற்றிய பகுதியில் ஹோட்டல், சாப்பாட்டுக்கடை, தியேட்டர் என்று லிஸ்ட்தான் போட்டது. அதே 1959-ல் தவணைமுறை வியாபாரத்தில் ஏழைகளை ஏமாற்றுவதைக் கட்டுப்படுத்தவும் அன்ரூ பெயரில் ஒரு சட்டம் வந்தது. வாரத்துக்கு உழுதவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று தெரியும்தானே.

சட்டம் வந்துவிட்டால் ஊர் திருந்திவிடுமா? வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்று 1963-ல் பெர்க்லியைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர் பைரன் ரம்ஃபோர்ட் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். அடுத்த வருசமே ஜனங்க வாக்கெடுப்பு நடத்தி, யாருக்கு வீடு கொடுப்பது என்பது சொந்தக்காரர் இஷ்டம் என்று அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஆதரவு சுமார் 65 சதவீதம்! கடைசியில் வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவர்கள் அன்ரூ சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 1966-ல் மாநில உச்ச நீதிமன்றமும், 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லாது என்று சொல்லிவிட்டன.

கதவைப் பூட்டிய சபாநாயகர்

1961 செப்டம்பரில் அன்ரூ சபாநாயகர் ஆனார். நம்ம ஊர் சபாநாயகர் மாதிரி நடுநிலையாக மணி அடிக்கிற வேலை இல்லை அது. எந்தக் குழுவில் யார், எந்த மசோதா எந்தக் குழுவுக்கு, யாருக்கு எந்த அறை என்பது வரை அவர் கையில். பட்டப்பெயர் 'பிக் டாடி'. டென்னஸி வில்லியம்ஸ் நாடகத்தில் வருகிற பருத்த, அதட்டுகிற அப்பன் பாத்திரத்தின் பெயர் அது. அன்ரூவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது. அதனாலேயே ஒட்டிக்கொண்டது.

1963 ஜூலை 30. பட்ஜெட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அதாவது 80-ல் 54. குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலராவது சேர்ந்தால்தான் முடியும். அவர்களோ, பள்ளிக்கூட நிதி மசோதாவில் என்ன இருக்கிறது என்று காட்டினால்தான் ஓட்டுப் போடுவோம், அதுவரை வாயே திறக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அன்ரூவுக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோரும் ஓட்டுப் போடும் வரை கதவை மூடி வைக்கலாம் என்று சபையில் ஒரு பழைய விதி உண்டு. அதை எடுத்தார். பூட்டினார். ராத்திரி முழுக்க எம்.எல்.ஏ.க்கள் உள்ளேயே கிடந்தார்கள்.

விதிப்படி சரிதான். ஆனால் மறுநாள் பேப்பர்களில் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்க, அவர்கள் கேட்டது என்ன? ஓட்டுப் போடுவதற்கு முன்னால் மசோதாவைப் படிக்கணும் என்றுதானே? நியாயமான கேள்வி. 'எல்லோரும் சமம்' என்று சட்டம் எழுதின அதே கைதான் கதவைப் பூட்டியது. அந்த ஒரு ராத்திரி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

ஆனால் அதுக்கப்புறம் ஆள் மாறினார் என்கிறார்கள். உடம்பைக் குறைத்தார், நல்ல சூட் போட்டார், நிறையப் படித்தார். சட்டசபையையும் மாற்றினார். உறுப்பினர்களுக்கு ஆராய்ச்சி உதவியாளர்களைப் போட்டார், முக்கியமாக எதிர்க்கட்சிக்கும் சேர்த்து. தரகர் சொல்வதை நம்பி இருக்கத் தேவையில்லை, பக்கத்து அறையில் படித்த பையன் ஒருத்தன் புள்ளிவிவரத்தோடு இருக்கிறான். 1966-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு திருத்தம் ஜெயித்தது. சட்டசபை வருசா வருசம் கூடும் முழுநேர சபையானது, சம்பளம் வருசத்துக்கு 6,000 டாலரிலிருந்து 16,000 ஆனது. மத்த மாநிலங்களுக்கும் போய் இதையே பிரசங்கம் செய்தார். 1971-ல் ஐம்பது மாநிலச் சட்டசபைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தபோது முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. ஒருகாலத்தில் தரகர் மடியில் பொம்மையாக உட்கார்ந்திருந்த சபை!

அம்பாசடர் ஹோட்டல்

அன்ரூ கென்னடி குடும்பத்து ஆள். 1960-ல் ஜான் கென்னடிக்காகத் தெற்கு கலிஃபோர்னியாவில் வேலை செய்தார். 1968-ல் ராபர்ட் கென்னடியை 'நில்லுங்க, நில்லுங்க' என்று நச்சரித்தவர்களில் முக்கியமானவர், கலிஃபோர்னியா பிரச்சாரத்துக்கே தலைமை தாங்கியவர். ஜூன் 4 அன்று நடந்த உள்தேர்தலில் கென்னடி ஜெயித்தார். நள்ளிரவு தாண்டி, லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் பேசி முடித்துவிட்டு, சமையலறை வழியாகப் போகும்போது சிர்ஹான் சிர்ஹான் சுட்டான்.

அந்தக் கூட்டத்தில் அன்ரூவும் இருந்தார். சுட்டவனை மடக்கிப் பிடித்துவிட்டார்கள். சுத்தி நின்றவர்கள் அவனை அங்கேயே கொன்றுவிடுகிற வெறியில் இருந்தார்கள். அப்போது அன்ரூ உயரமான மேடையில் ஏறி நின்று கத்தினார்: இவனைக் கொல்லக்கூடாது, இன்னொரு ஆஸ்வால்ட் நமக்கு வேண்டாம், இவனை விசாரிக்கணும். அண்ணன் கென்னடியைச் சுட்டவன் என்று பிடிபட்ட ஆஸ்வால்ட், 1963-ல் போலீஸ் காவலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். வழக்கே நடக்கவில்லை. அந்த மர்மம் இன்னும் ஓயவில்லை. இந்தத் தடவை அன்ரூ போலீஸ் காரிலேயே ஏறிக்கொண்டார், சிர்ஹானோடு. பிறகு வழக்கில் சாட்சியும் சொன்னார்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். தன் தலைவன், தன் எதிர்காலம், எல்லாம் பக்கத்துத் தரையில் ரத்தத்தில் கிடக்கிறது. கோபம் வந்தால் கதவைப் பூட்டுகிற ஆள்தான் இவர். அந்த நிமிசத்தில் அவர் வாயில் வந்தது 'அடி' இல்லை, 'விசாரி'. சட்டம் என்பதை அந்த மனுசர் எங்கேயோ உள்ளுக்குள் நம்பியிருக்கிறார்.

தாய்ப்பால் வற்றிய காலம்

1968 நவம்பரில் சட்டசபையில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்குப் போனது. 1969 ஜனவரியில் பாப் மோனகன் சபாநாயகர் ஆனார். 1970-ல் அன்ரூ கவர்னர் பதவிக்கு நின்றார். எதிரே ரொனால்ட் ரீகன். பணமே தாய்ப்பால் என்றவருக்குப் பணம் புரளவில்லை. பத்திரிகைக்காரர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, ரீகனை ஆதரித்த எண்ணெய்த் தொழில் கோடீஸ்வரர் ஹென்றி சால்வடோரியின் வீட்டு வாசலுக்கே போய், ரீகன் வரித்திட்டத்தால் லாபம் இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் என்று பேசினார். அது அப்படியே திருப்பி அடித்தது. வீடு தேடிப் போய் வம்பு செய்கிற பழைய பிக் டாடி என்றுதான் ஜனங்க பார்த்தார்கள். சுமார் 5 லட்சம் ஓட்டில் தோல்வி. இதில் ஒன்று, 1966-ல் ரீகன் பேட் பிரவுனைத் தோற்கடித்தது கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டில். பாதியாகக் குறைத்திருக்கிறார். ஆனாலும் தோல்வி தோல்விதானே. 1973-ல் லாஸ் ஏஞ்சலஸ் மேயருக்கு நின்று முதல் சுற்றிலேயே மூணாவது இடம்.

1974-ல் மாநிலப் பொருளாளர் பதவிக்கு நின்று ஜெயித்தார். யாரும் சீண்டாத நாற்காலி. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மாநிலத்தின் கடன் பத்திரங்கள் அந்த மேஜை வழியாகப் போகின்றன, அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஓய்வூதிய நிதி வாரியங்களிலும் அந்த நாற்காலிக்கு இடம் உண்டு. கொஞ்ச நாளில் வால் ஸ்ட்ரீட் கம்பெனிகள் அவர் வாசலில் வரிசை கட்டின. தேர்தல் நிதியும் கொட்டின. பழைய பழக்கம் விடவில்லை. அதே சமயம், 1984-ல் டெக்ஸாகோ நிறுவனம் ஒரு பெரிய பங்குதாரரிடம் மட்டும் சந்தை விலைக்கு மேலே கொடுத்துப் பங்குகளைத் திரும்ப வாங்கியபோது, எங்க ஓய்வூதியக்காரர்களும் பங்குதாரர்தானே, அவங்களுக்கு ஏன் அந்த விலை இல்லை என்று கொதித்தார். 1985-ல் நிறுவன முதலீட்டாளர்களுக்கு என்று ஒரு கூட்டமைப்பையே உருவாக்கினார். பங்குதாரர் உரிமை பற்றி இன்றைக்குப் பேசுகிறவர்களுக்கு அது ஒரு தொடக்கப்புள்ளி.

1987 ஆகஸ்ட் 4 அன்று, பதவியில் இருக்கும்போதே, புற்றுநோயில் இறந்தார். வயது 64.

சட்டம் நடந்துகொண்டே இருக்கிறது

ஆள் போனாலும் அவர் போட்ட நட்சத்திரக்குறி போகவில்லை. 1970-ல் ஒரு வழக்கு. சான் ரஃபேலில் ஒரு ஷாப்பிங் சென்டரில், நீளமான முடியும் வித்தியாசமான உடையுமாக ஒரு பையன். அவனோடு பேசிக்கொண்டிருந்த நண்பனை வெளியே போகச் சொன்னார்கள். மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: சட்டத்தில் இருக்கிற இனம், நிறம், மதம் எல்லாம் உதாரணங்கள்தான், காரணமில்லாமல் யாரையும் ஒதுக்கக்கூடாது. 1974-ல் சட்டத்தில் பாலினம் சேர்ந்தது. 1982-ல், குழந்தை இருக்கிறது என்று வீடு கொடுக்க மறுப்பது தப்பு என்று தீர்ப்பு. 1985-ல், கார் கழுவுகிற இடத்தில் பெண்களுக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்ததும் தப்பு, பையன்கள் கிளப்பில் பெண் பிள்ளைகளைச் சேர்க்காததும் தப்பு. சட்டம் ரெண்டு பக்கமும் வெட்டும்!

அன்ரூ இறந்த அதே 1987-ல்தான் பார்வையின்மையும் மற்ற உடல் குறைபாடுகளும் அந்தச் சட்டத்தில் சேர்ந்தன. 1992-ல் இன்னொரு திருத்தம்: மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க மத்திய சட்டத்தை மீறினால் அது அன்ரூ சட்டத்தையும் மீறினதாகும். மத்திய சட்டத்தில் தனிநபர் வழக்குப் போட்டால் நஷ்டஈடு கிடைக்காது, சரிசெய்யச் சொல்லத்தான் முடியும். அன்ரூ சட்டத்தில் ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தபட்சம் 4,000 டாலர். பார்வையற்ற ஒருவர் டாமினோஸ் தளத்தில் பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று போட்ட வழக்கு ரெண்டு சட்டங்களின் கீழும்தான். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

இதில் கூத்தும் உண்டு. இதையே தொழிலாக வைத்து நூத்துக்கணக்கில் வழக்குப் போட்டுச் சின்னக் கடைக்காரர்களைக் கசக்குகிறார்கள் என்ற புகார் பலமாகவே இருக்கிறது. 2022-ல் ஒரு மாநில நீதிமன்றம், கடையே இல்லாமல் இணையத்தில் மட்டும் வியாபாரம் செய்பவர்களுக்கு அந்த மத்திய சட்டம் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் எங்க கிளையண்ட்டுக்குக் கடை இருக்கு. எங்களுக்குத் தப்பிக்க வழியில்லை. தப்பிக்கவும் கூடாது என்று இப்போ நினைக்கிறேன்.

'நாயகன்' படத்தில் பேரன் கேட்பானே ஒரு கேள்வி, அதுவும் 1987-தான், அதை அன்ரூவைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நல்லவர் என்று சொல்ல வாய் வரவில்லை. கெட்டவர் என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியுது. மனுசங்களை அவருக்கு நல்லாத் தெரியும், முக்கியமாக என்னை மாதிரி மனுசங்களை. அந்த டிக்கெட் எட்டு மாசம் கிடந்தது. அப்போதெல்லாம் என் மனசாட்சி வேலை செய்யவில்லை. நாலாயிரம் டாலர் வேலை செய்தது. சமத்துவம் என்று வெறுமனே எழுதி வைத்தால் என்னைப் போன்றவன் அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளிவிடுவான் என்பதால்தான் பக்கத்திலேயே ஒரு தொகையையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த நாலு பட்டனுக்கும் பெயர் வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? இருபது நிமிசம். மொத்தப் பக்கத்தையும் கீபோர்டிலேயே ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய இன்னும் ஒன்றரை நாள். டெஸ்டர் பொண்ணிடம் போய் சாரி கேட்டேன். "டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடவாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். போன வாரம் அந்தக் கன்சல்டண்ட் மறுபடி லைனில் வந்தார். ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றாகச் சொன்னது: கூடையைப் பார். கூடையைக் காலி செய். பணம் செலுத்து. திரும்பிப் போ. அவர் 'பணம் செலுத்து'வை அமுக்கினார். ஆர்டர் போய்விட்டது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் பதினேழு தப்பு இருந்தது.

டிஸ்கி 1: அன்ரூ பெயரில் சாக்ரமெண்டோவில் ஓர் அரசு அலுவலகக் கட்டடம் இருக்கிறது. ஆனால் தினம் தினம் அவர் பெயர் அடிபடுவது என்னவோ வக்கீல் நோட்டீஸ்களில்தான்.

டிஸ்கி 2: பொட்டி தட்டுகிற மக்களே, இன்னிக்கு வேலை முடிஞ்சதும் உங்க பக்கத்தை ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு, ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கேட்டுப் பாருங்க. எத்தனை 'பட்டன்' வந்ததுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. சிரிக்க மாட்டேன், சத்தியமா.